தூக்குமேடையிலிருந்து அமைச்சர் நாற்காலிக்கு: ஜூலா ஆந்திராஷி பற்றிச் சில கேள்விகள்

ஹங்கேரிய அரசியல்வாதி ஆந்திராஷிக்கு மரண தண்டனை விதித்த ஆஸ்திரிய அரசே அவரை ஹங்கேரியின் பிரதமர் ஆக்கியதாமே, உண்மையா?

உண்மைதான். 1848-49 ஹங்கேரியப் புரட்சியில் அவர் ஆஸ்திரியாவை எதிர்த்துப் போரிட்டார். பிறகு புரட்சி அரசின் தூதராக, துருக்கியின் அன்றைய தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் போனார். புரட்சி தோற்றதும் நாடு திரும்பவில்லை. ஆள் கையில் கிடைக்காததால், 1851-ல் அவர் பெயரை மட்டும் தூக்குமரத்தில் அறைந்தார்கள். பாரிஸ் சீமாட்டிகள் அவரை 'தூக்கிலிடப்பட்ட அழகர்' என்றே அழைத்தார்களாம்.

மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்பியவர், ஹங்கேரியத் தலைவர் டேயாக் ஃபெரென்ட்ஸுக்குத் துணையாக நின்று, ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் ஒரே மன்னரின் கீழ் இரட்டை அரசாக்கிய 1867 உடன்பாட்டை உருவாக்கினார். பிரதமர் பதவியை டேயாக் ஏற்காமல் இவரைக் கைகாட்டினார். அந்த ஜூன் மாதம் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் ஹங்கேரி மன்னராக முடிசூடியபோது, பேராயருடன் சேர்ந்து கிரீடத்தை அவர் தலையில் வைத்தவர் ஆந்திராஷி! தண்டித்தவரும் தண்டிக்கப்பட்டவரும் பழையதை ஒதுக்கிவைத்த அந்தக் காட்சி எனக்கு இன்றும் வியப்புதான்.

பிரான்ஸ் ஜோசப்பின் மனைவி பேரரசி எலிசபெத்துக்கும் ஆந்திராஷிக்கும் காதலா?

ஆதாரம் இல்லை. ஹங்கேரி மீது பேரரசிக்கு இருந்த பற்றும், இருவருக்கும் இடையே இருந்த நட்பும் உண்மை.

துருக்கியின் ஆட்சியில் இருந்த பாஸ்னியாவை அவர் ஏன் எடுத்துக்கொண்டார்?

ஆசையால் அல்ல, பயத்தால். 1871 முதல் அவர் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் வெளியுறவு அமைச்சர். துருக்கியின் பிடி தளர்ந்தால் பாஸ்னியா செர்பியாவின் கைக்குப் போய்விடும், பின்னால் ரஷ்யா வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டார். ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய 1878 பெர்லின் மாநாடு அந்த நிலத்தில் படை நிறுத்தவும் நிர்வாகம் செய்யவும் அனுமதி தந்தது. எளிதில் முடியும் என்று நினைத்தார்கள். ஆனால் உள்ளூர் மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். சரயேவோவை ஆகஸ்டில் பிடித்த பிறகும் சண்டை அக்டோபர் வரை நீண்டது.

அப்புறம் அது யாருக்கு? ஆஸ்திரியாவுக்கா, ஹங்கேரிக்கா? ஒருவருக்கும் தர முடியாமல், கடைசியில் இரண்டுக்கும் பொதுவான நிதி அமைச்சகத்தின் பொறுப்பில் விட்டார்கள். அவர் செய்ததில் பெரிய பிழை இதுவே என்பது என் கருத்து. பாஸ்னியர்கள் ஸ்லாவ் இனத்தவர்; பேரரசில் ஸ்லாவ் மக்களின் எண்ணிக்கை கூடக் கூடாது என்று நினைத்தவரே அதைக் கூட்டிவிட்டார்.

எப்போது பதவி விலகினார்?

1879 அக்டோபர் 7-ல் ஜெர்மனியுடனான கூட்டணி கையெழுத்தானது. மறுநாளே விலகினார். 1890-ல் காலமானார். அவர் கட்டிக்கொடுத்த அந்தக் கூட்டணி 1918 வரை நீடித்தது.