தடுப்பூசிச் சான்றிதழும் மச்சானின் சிப்பும்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். 62 பேர் இருக்கிறோம். என் மனைவியின் அண்ணன் இரண்டு வருடமாக ஒரே பாட்டுப் பாடுகிறார். கொரோனா ஊசியில் சிப் இருக்கிறதாம். ஆதார், ஹெல்த் ஐடி, தடுப்பூசிக் கணக்கு எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறதாம். அடுத்த ஊசியைப் போடாவிட்டால் ரேஷன் நிற்கும், வங்கிக் கணக்கு முடங்கும் என்கிறார். வாதாடி அலுத்துப்போய், போன மாதம் அவருடைய தடுப்பூசிச் சான்றிதழையே குழுவில் போட்டுவிட்டேன். 2021-இல் என் செல்போன் நம்பரில்தான் அவருக்குப் பதிவு செய்தோம், அதனால் டவுன்லோட் செய்ய முடிந்தது. "இரண்டு டோஸ் போட்டுக்கொண்டு ஊருக்கு உபதேசம். மூலிகைப் பொடி விற்கிறவனிடம் கமிஷன் வாங்குகிறார்" என்றும் எழுதினேன். இப்போது 15 நாளில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் அவதூறு வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வதந்தி பரப்புகிறார் என்று நான் போலீசில் புகார் கொடுக்கலாமா? அட்மின் என்பதால் என்மேல் ஏதாவது வருமா? இன்னொன்று, என் அம்மாவின் சான்றிதழில் நாங்கள் கேட்காத ஒரு 14 இலக்க ஹெல்த் ஐடி இருக்கிறது. அது என்ன?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உங்கள் மச்சானை எப்படிப் பிடித்துக் கொடுக்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இந்த விவகாரத்தில் சட்டத்தின் பிடிக்குள் கொஞ்சமாவது இருப்பவர் அவர் இல்லை, நீங்கள்தான். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் குழுவில் போட்ட சான்றிதழைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பெயர், வயது, 'ஐடி வெரிஃபைடு' வரியில் ஆதாரின் கடைசி நான்கு எண்கள், எந்த ஊசி, எந்தத் தேதி, பேட்ச் எண், ஊசி போட்டவர் பெயர், ஓரத்தில் க்யூஆர் கட்டம் எல்லாம் இருக்கும். ஒரு மனிதரின் மருத்துவக் குறிப்பு அது. ஓடிபி உங்கள் போனுக்கு வந்தது என்பதற்காக ஆவணம் உங்களுடையதாகிவிடாது. 2021-இல் வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருந்த ஒருவரின் நம்பரில் நாலு பேருக்குப் பதிவு போட்டோம். எல்லோரும் செய்ததுதான். ஆனால் அவர் உங்களுக்குக் கொடுத்த சம்மதம் ஊசிக்கு இடம் பிடிப்பதற்கு. வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்கு அல்ல.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அது அரசுக்கு எதிரான உரிமைதானே என்று கேட்பீர்கள். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில், அரசியல் சட்டத்தின் 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளைத் தனி நபர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளை இழுத்து, 'அனுமதியில்லாமல் தரவு எடுத்தார்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுதலாம். சொந்த நம்பரில் வந்த ஓடிபி என்பதால் அது நிற்காது என்பது என் கணிப்பு. ஆனாலும் நடுவர் முன் நின்று விளக்கம் சொல்லும் இடத்துக்கு நீங்களே போக வேண்டாம்.

அதைவிடப் பெரிய தலைவலி அந்தக் 'கமிஷன்' வரி. "முட்டாள்தனமாகப் பேசுகிறார்" என்று எழுதியிருந்தால் அது உங்கள் அபிப்பிராயம். "கமிஷன் வாங்குகிறார்" என்பது ஒரு நடந்த சங்கதியைச் சொல்வது. 61 பேர் படித்திருக்கிறார்கள், ஆக 'வெளியிடுதல்' ஆகிவிட்டது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. உண்மையைச் சொன்னேன் என்பது தற்காப்புதான், ஆனால் உண்மை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அதோடு அதைச் சொன்னது பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டும். ரசீது இருக்கிறதா? வங்கிப் பரிமாற்றம் இருக்கிறதா? 'எல்லோருக்கும் தெரியும்' என்பது கோர்ட்டில் செல்லாது.

பயப்பட வேண்டாம், இதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வராது. அவதூறுக்கு எஃப்ஐஆர் கிடையாது. அவரே நீதித்துறை நடுவரிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும், நடுவர் அதை ஏற்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இப்போதைய நடைமுறை. நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடுவதென்றால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். குடும்பச் சண்டையில் இதெல்லாம் கடைசிவரை போவது அபூர்வம். ஆனால் நோட்டீசுக்குப் பதிலே போடாமல் மேஜை டிராயரில் வைத்துவிட்டு, சம்மன் வந்த பிறகு ஓடி வருபவர்களை நான் மாதத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன்.

சரி, நீங்கள் கொடுக்க நினைக்கும் புகார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 66ஏ பிரிவை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை 2015 மார்ச் 24 அன்றே ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டார்கள். மீதி இருப்பது இரண்டு. ஒன்று, நியாய சன்ஹிதா 353. பொதுமக்களிடம் பீதியைக் கிளப்பி, அதனால் யாரையாவது அரசுக்கோ பொது அமைதிக்கோ எதிரான குற்றத்துக்குத் தூண்டும் நோக்கத்தோடு வதந்தி பரப்பினால் மூன்று வருடம் வரை. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நியாயமான காரணத்தோடு உண்மை என்று நம்பி, கெட்ட நோக்கமில்லாமல் சொன்னவருக்கு அது பொருந்தாது. உங்கள் மச்சான் நம்புகிறார். அதுதானே உங்கள் பிரச்சினையே! காரணம் நியாயமானதா என்று வாதாடலாம், கலவரம் மூட்டும் நோக்கம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? இன்னொன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 54-ஆம் பிரிவு, ஒரு பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்கினால் ஒரு வருடம் வரை. கொரோனா காலத்தில் அடிக்கடி கேட்ட பிரிவு. ரேஷன் கார்டு பற்றிய ஆருடம் பேரிடர் எச்சரிக்கை ஆகாது. புகாரை எழுதி எடுத்துக்கொண்டு போனால் ஸ்டேஷனில் உட்காரவைத்து, "சார், குடும்பத்துல பேசித் தீத்துக்கங்க" என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி.

அட்மின் விஷயத்தில் கவலை வேண்டாம். அட்மினாக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக, உறுப்பினர் போட்ட பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் சொல்லியிருக்கின்றன. நீங்களே ஃபார்வர்டு செய்தால் கதை வேறு. ஃபார்வர்டு செய்வது அதை ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பிரபலத்துக்கு முன்ஜாமீன் மறுத்தது. 'நான் படிக்காமலே அனுப்பிவிட்டேன்' என்ற பதில் அங்கே எடுபடவில்லை.

இனி உங்கள் மச்சான் சொல்வதற்கு வருகிறேன். வக்கீல் எதற்கு இதையெல்லாம் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது எதில் அவர் தப்பு, எதில் அவர் தப்பில்லை என்று பிரித்துத் தெரியாவிட்டால், கோபத்தில் மறுபடி அதே மாதிரி ஒரு வரி எழுதிவிடுவீர்கள்.

சிப் கிடையாது. ஒரு டோஸ் அரை மில்லி. நாய்க்குப் போடுகிற சிப்பே அரிசி மணி அளவு, அதற்குத் தனியாகத் தடித்த ஊசி வேண்டும், ரீடரைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அதில் உள்ள எண் தெரியும், நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. அப்புறம் இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது? 2019 டிசம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தடுப்பூசி போட்ட விவரத்தைக் கண்ணுக்குத் தெரியாத சாயமாகத் தோலுக்கடியில் பதித்து, மாற்றியமைத்த செல்போன் கேமராவால் படிக்கும் முறை. எலிகளிடம் சோதித்தார்கள். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. மூன்று மாதம் கழித்து, 2020 மார்ச்சில், யார் குணமானார்கள், யாருக்கு ஊசி போட்டாயிற்று என்று காட்ட டிஜிட்டல் சான்றிதழ் வரும் என்று பில் கேட்ஸ் ஒரு கேள்வி-பதிலில் சொன்னார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதில் பிறந்ததுதான் சிப். சாயம் சிப் இல்லை, அதுவும் எந்தக் கொரோனா ஊசியிலும் சேரவில்லை. ஆனால் உங்கள் மச்சான் அனுப்பும் வீடியோவில் காட்டும் அந்தக் கட்டுரை நிஜமாகவே இருக்கிறது. 'எல்லாம் புளுகு' என்று நீங்கள் சொன்ன நிமிடமே அவர் அந்தக் கட்டுரையைத் தூக்கிக் காட்டுவார், நீங்கள் தோற்பீர்கள்.

ரேஷன் பயத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது. ஆதார் சட்டம் 2016-இன் 7-ஆம் பிரிவு மானியத்துக்கு ஆதார் கேட்கலாம் என்கிறது, உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பும் அதை ஏற்றது. தடுப்பூசிக்கும் அதற்கும் சட்டத்தில் முடிச்சு எதுவும் இல்லை. அதே தீர்ப்பு வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதார் கட்டாயம் என்பதை அடித்துவிட்டது. சரிபார்ப்புப் பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஆறு மாதமாகக் குறைத்தது. எதற்காகச் சரிபார்த்தார்கள் என்ற நோக்கத்தை ஆதார் ஆணையம் சேகரிக்கவே கூடாது என்று 32-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு சொல்கிறது. ஆனால் 2021 நவம்பரில் என்ன நடந்தது? ஊசி போடாதவர்களைப் பொது இடங்களில் விடக் கூடாது என்று தமிழகப் பொது சுகாதாரத் துறை உத்தரவே போட்டது. அந்த மாதங்களில் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்களுக்கு, 'நாளை ரேஷனும் நிற்கும்' என்று யாராவது சொன்னால் காதில் ஏறத்தான் செய்யும்.

இதற்குச் சட்டத்தின் பதில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த ஜேக்கப் புலியேல் தீர்ப்பு. எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை 21-ஆம் பிரிவுக்குள் வருகிறது என்றார்கள் நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும். அப்போதிருந்த நிலையில் ஊசி போடாதவர்கள்மீது மாநிலங்கள் போட்ட தடைகள் அளவுக்கு மீறியவை என்றார்கள். பக்க விளைவுத் தகவல்களை, நபர்களின் விவரம் வெளியே வராமல், மக்கள் பார்க்கும்படி வைக்கச் சொன்னார்கள். அதே தீர்ப்பு, அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது இல்லை என்றும், பொது சுகாதாரத்துக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்னது. மச்சான் முதல் பாதியை மட்டும் அனுப்புவார். நீங்கள் இரண்டாவது பாதியை மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசியாக அம்மாவின் அந்த எண். அதைப் பெனிஃபிஷியரி ரெஃபரன்ஸ் ஐடியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது தடுப்பூசிப் பதிவின் எண். 'யூனிக் ஹெல்த் ஐடி' என்ற வரியில், முதலில் இரண்டு இலக்கம், அப்புறம் நான்கு நான்காக மூன்று தொகுதி, நடுவில் கோடு போட்டிருப்பதுதான் நீங்கள் சொல்வது. இன்று அதை ஆபா (ABHA) எண் என்கிறார்கள், ஒருவரின் மருத்துவப் பதிவுகளை டிஜிட்டலாக இணைப்பதற்கான அரசின் அடையாள எண் அது. 2021-இல் அடையாளத்துக்கு ஆதாரைக் காட்டிய பலருக்கு, தனியாகக் கேட்காமலே அது உருவானது என்று அப்போதே செய்தி வந்தது. ஊசிக்கு ஆதார் கட்டாயமே இல்லை, வேறு அடையாள அட்டைகளும் போதும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் சுகாதார அமைச்சகம் சொன்னது. ஆனால் மையத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் 'ஆதார் இருக்கா?' என்றுதானே கேட்டார். அம்மா நீட்டினார். அது சம்மதமா என்று கேட்டால் என் பதில், இல்லை. இந்த ஓர் இடத்தில் உங்கள் மச்சான் கேட்பது ஞாயமான கேள்வி.

ஆபா தன் விருப்பத்தின்பேரில் எடுப்பது. வேண்டாம் என்றால் அதன் இணையதளத்தில் ஆதார் ஓடிபி கொடுத்து உள்ளே போய், தற்காலிகமாக முடக்கலாம், நிரந்தரமாக அழிக்கவும் செய்யலாம். அழிப்பதற்கு முன்பு அம்மா பார்க்கும் மருத்துவமனை எதிலாவது அந்த எண்ணோடு பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாத சரிபார்ப்பு வரலாற்றைப் பாருங்கள், கைரேகைப் பூட்டும் போடலாம். ரேஷன் கடையில் அம்மா கைரேகை வைப்பவரானால் அன்று மட்டும் பூட்டைத் திறக்க வேண்டும், மறந்தால் வரிசையில் நின்று திட்டு வாங்குவீர்கள். எந்த அடிப்படையில் எண் உருவாக்கினார்கள் என்று தெரிய வேண்டுமானால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஆர்டிஐ போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கடிதத்தில் அரசியல் பேசாமல், "இந்தப் பதிவுக்குப் பெற்ற சம்மதத்தின் நகல் தரவும்" என்று ஒரே வரி போதும்.

நோட்டீசுக்கு வருவோம். 15 நாள் கெடு முடிவதற்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் போகட்டும். கமிஷன் வரியை நிபந்தனையில்லாமல் திரும்பப் பெறுவதாகவும், சான்றிதழைப் பகிர்ந்ததற்கு வருந்துவதாகவும் இருக்கட்டும். சிப், ரேஷன் பற்றிய கருத்து வேறுபாடு உங்களுக்கு இன்னும் உண்டு என்பதை அதில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், அதற்கு மன்னிப்புத் தேவையில்லை. குழுவில் அந்தப் படத்தை நீக்குங்கள், ஆனால் அதற்கு முன் உரையாடல் முழுவதையும் உங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன எழுதினார் என்பதும் ஒரு நாள் தேவைப்படலாம். வருத்தத்தையும் குழுவிலேயே இரண்டு வரியில் எழுதுங்கள், 61 பேர் படித்த இடம் அதுதான்.

இன்னும் ஒன்று தோன்றுகிறது, இது சட்டமில்லை. அந்த 14 இலக்க எண்ணைப் பற்றி அவர் கேட்டது சரிதான் என்று அதே குழுவில் எழுதி, அதை எப்படி அழிப்பது என்றும் போடுங்கள். அம்மாவின் சான்றிதழைப் படமாகப் போடத் தோன்றினால் எண்களை மறைத்துவிட்டுப் போடுங்கள். அதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.