கோழித் தண்ணீர் சுடுகிறதா? வாசகர் கேள்வி-பதில்

திருவையாறு வாசகி: நாட்டுக்கோழி 300. தகரக் கொட்டகை மேலே 500 லிட்டர் கறுப்பு டேங்க். மத்தியானம், கோழி கொத்தினால் சொட்டும் நிப்பிளில் வெந்நீர்தான் வருகிறது. கோழிகள் வாயைப் பிளந்து நிற்கின்றன. கடைக்காரர் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷின் வாங்கச் சொல்கிறார்.

வாங்காதீர்கள் அம்மா. டேங்கைத் தகரத்திலிருந்து இறக்கி, தென்னை நிழலில் ஐந்தடி மேடையில் வையுங்கள். நிப்பிளுக்கு அந்த அழுத்தம் போதும். மேலே கீற்றுப் பந்தல், சுற்றிலும் நனைத்த கோணிச்சாக்கு. கொட்டகைக்கு வரும் பைப்பை ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். ஆனால் மிச்சச் சூடு கொட்டகைக்குள் ஓடும் முக்கால் இஞ்ச் பைப்பில் இருக்கிறது. கோழி கொத்தக் கொத்தச் சொட்டுச் சொட்டாகத்தான் அதில் தண்ணீர் நகரும். தகரத்தின் அனலில் மணிக்கணக்காகக் கிடந்து காய்கிறது. கடைசியில் உள்ள எண்ட் கேப் மூடியை அறுத்துவிட்டு, திறந்து மூடும் பால் வால்வு (ball valve) போடுங்கள். 12, 2, 4 மணிக்குத் திறந்து, கைக்குக் குளிர்ச்சி தட்டும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகட்டும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். அதற்குத் தண்ணீர் வேண்டும். சாதாரண நாளில் தீவன எடையைப் போல இருமடங்கு குடிக்கும். கத்திரி வெயிலில் நான்கு மடங்கு வரை கேட்கும். தண்ணீர் சுட்டால் அந்த நேரத்தில்தான் குடிப்பதைக் குறைக்கும்.

வேதாரண்யம் வாசகர்: நிப்பிள் மாதாமாதம் அடைக்கிறது. ஒரு நிப்பிளுக்கு 30 கோழி என்று சொல்லி விற்றார்கள். விலை குறைவு என்று வாங்கிவிட்டேன்.

விலையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். பத்துக் கோழிக்கு ஒரு நிப்பிள் வேண்டும். போர் தண்ணீரில் இரும்புக் காவி இருந்தால் ஒரு ராத்திரி தொட்டியில் தெளியவிட்டு, கழுவக்கூடிய பில்டர் வழியே விடுங்கள். உப்பை அந்த பில்டர் எடுக்காது. பிளாஸ்டிக் பின் வைத்த நிப்பிளை வாங்கி நானும் ஏமாந்திருக்கிறேன். ஸ்டீல் பின் கேட்டு வாங்குங்கள்.

பாபநாசம் வாசகர்: துத்தநாகம் பூசிய தகரக் குவளையில் வினிகர் கலந்து வைக்கலாமா?

கூடாது. துத்தநாகம் கரைந்து கோழிக்கு விஷமாகும்.

மன்னார்குடி வாசகி: 14,000 ரூபாய்க்கு வாங்கிய பெல் டிரிங்கர் (மணி வடிவில் தொங்கும் தண்ணீர்க் குவளை) செட் இரண்டாம் வாரமே ஒழுகுகிறது. பில் தரவில்லை. "வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டம் செல்லாது" என்கிறார்கள்.

உங்களிடம் சொன்னது பொய். ஈரக் குப்பையில் குஞ்சுகள் நிற்பதை நினைத்தால் கோபம் வருகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய பொருளுக்கு நீங்கள் நுகர்வோர்தான். பில் கேட்டும் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. எனக்குப் பல வருட ஆதங்கம் இது: கோழி, மாட்டுச் சாமான் கடைகளில் துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள், நாமும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறோம். அந்தச் சீட்டையும், பணம் அனுப்பிய போன் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். ஒழுகுவதை வீடியோ எடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். தீரவில்லை என்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும்.

தஞ்சாவூர் வாசகர்: குளிரில் தண்ணீர் உறையாமல் காக்கும் ஹீட்டர் குவளை ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கினேன். மார்கழிக்கு உதவுமா?

உதவாது. தண்ணீர் உறையச் சுழியம் டிகிரி வேண்டும். தஞ்சாவூர் மார்கழி அதன் பக்கத்தில்கூடப் போகாது. அது பனி உறையும் நாடுகளில் வளரும் கோழிகளுக்கான சாமான். அடியில் 120 வோல்ட் என்று இருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகவே செருகாதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.