பத்து கம்ப்யூட்டரில் பத்து நிறம்: நோட்பேட் பிளஸ் பிளஸ் தீம்களை என்ன செய்வது?

கேள்வி: சார், காவேரிப்பட்டணத்தில் பத்து கம்ப்யூட்டரோடு ஒரு சென்டர் நடத்துகிறேன். பிள்ளைகள் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டரில் பைத்தான் புரோகிராம் எழுதப் பழகுகிறார்கள். ஆளுக்கொரு தீம் (எழுத்து, பின்னணி நிறங்களின் தொகுப்பு) இறக்கிப் போட்டதில் மெஷினுக்கு ஒரு நிறமாகிவிட்டது. நான் மெனக்கெட்டு மாற்றிய நிறங்களும் புது வெர்ஷன் போட்டதும் போய்விட்டன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: போன நிறங்களை முதலில் பார்ப்போம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் உள்ள தீம்ஸ் ஃபோல்டரில், மென்பொருளோடு வந்த கோப்பையே திருத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது மென்பொருளின் சொந்த வீடு. புது வெர்ஷன் வந்தால் தன் கோப்பை அதன் மேலேயே எழுதிவிடும். உங்களுக்கென்று தனி இடம் இருக்கிறது. விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, %ஆப்டேட்டா% என்பதை ஆங்கிலத்தில் (%appdata%) அடித்து என்டர் தட்டுங்கள். அங்கே நோட்பேட் பிளஸ் பிளஸ் ஃபோல்டருக்குள் தீம்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும்; இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம்.

பிடித்த தீமின் எக்ஸ்எம்எல் கோப்பை (பெயர் .xml என்று முடியும்) அங்கே காப்பி செய்து, 'சென்டர் வெள்ளை', 'சென்டர் கறுப்பு' என்பதுபோல் புதுப் பெயர் வையுங்கள். கோப்பின் பெயர்தான் பட்டியலில் தீமின் பெயராக வரும். எடிட்டரை மூடித் திறந்து, செட்டிங்ஸில் ஸ்டைல் கான்ஃபிகரேட்டர் போய் அதைத் தேர்ந்தெடுங்கள். இனி திருத்தமெல்லாம் இந்தக் காப்பியில்தான். நிறத்தை மாற்றியதும் திரையில் தெரிகிறதே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது; 'சேவ் அண்ட் க்ளோஸ்' அழுத்தினால்தான் நிற்கும்.

சென்டருக்கு இரண்டு தீம் போதும் என்பேன். வெள்ளைப் பின்னணியில் ஒன்று, புரொஜெக்டருக்கு. மதிய வெளிச்சத்தில் கறுப்புத் தீமைச் சுவரில் காட்டினால் கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் தெரியாது. சோலரைஸ்டு லைட் கண்ணுக்கு இதம்தான், ஆனால் புரொஜெக்டரில் அதன் எழுத்து கரைந்துவிடும். கறுப்பு ஒன்று, தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு. பிள்ளைகள் போட்ட மற்றதை அழித்துவிடுங்கள். (ஹலோ கிட்டி என்று ஒரு ரோஸ் தீம் மென்பொருளோடேயே வருகிறது. அதை மட்டும் எப்படியோ தேடிப் பிடித்துவிடுவார்கள்.) அந்த இரண்டு கோப்பையும் பென் டிரைவில் வைத்து ஒவ்வொரு மெஷினிலும் அதே இடத்தில் போடுங்கள். ஒரு மெஷினில் இரண்டு லாகின் இருந்தால் இரண்டிலும் போட வேண்டும், ஏனென்றால் அந்த ஃபோல்டர் ஆளுக்குத் தனி.

"எழுத்தெல்லாம் ஒரே நிறமாகிவிட்டது சார்" என்று ஒரு பிள்ளை வந்தால் தீமைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டைல் கான்ஃபிகரேட்டரில் 'குளோபல் ஓவர்ரைடு' என்ற இடத்தில் எழுத்து நிறத்துக்கு டிக் போட்டிருப்பார்கள். அது பைத்தான் போன்ற எல்லா புரோகிராம் மொழியின் நிறத்தையும் மூடிவிடும். டிக்கை எடுத்தால் சரி.

இன்னொன்று, டார்க் மோடும் தீமும் வேறு வேறு. டார்க் மோடு மெனுவையும் பெட்டிகளையும் கறுப்பாக்குவது; தீம் எழுதும் இடத்தின் நிறம். டார்க் மோடு 2021இல் எட்டாம் வெர்ஷனோடு வந்தது. பிரிஃபரன்ஸஸில் அதைப் போட்டாலோ எடுத்தாலோ தீமும் கூடவே மாறலாம். அதனால் முதலில் மோடை முடிவுசெய்துவிட்டு, அப்புறம் தீமைத் தேர்ந்தெடுங்கள்.

எடிட்டரில் இல்லாத ஏதாவது புரோகிராம் மொழியை நீங்களே வரையறுத்து வைத்திருந்தால் அதன் நிறங்கள் தீமுக்குக் கட்டுப்படாது, தனிக் கோப்பில் இருக்கும். கறுப்புத் தீமில் அது மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று நின்றால், அந்த மொழியின் ஸ்டைலர் பெட்டியில் பின்னணிக்கு 'டிரான்ஸ்பரென்ட்' டிக் போட்டுவிடுங்கள்.