தாத்தா பெயரைக் கேட்ட மெயில்

தம்பி, டொராண்டோ வந்து மூன்று வாரம் ஆகிறது, வாடகை நியாயமா, குளிர் ஜாக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில், வரித்துறை 412 டாலர் திருப்பித் தருவதாக மெயில் வந்திருக்கிறது, லிங்க்கை அழுத்தலாமா என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். தொடாதீர்கள். இன்னும் வரிக்கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு எதைத் திருப்பித் தருவார்கள்?

கனடா வரித்துறை பணத்தை நேரே வங்கிக் கணக்கில் போடும், இல்லையென்றால் செக் அனுப்பும். மெயிலில் வரும் லிங்க் வழியாகப் பணம் வாங்கிக்கொள்ளும் இ-டிரான்ஸ்ஃபரில் அனுப்பவே அனுப்பாது. 'உங்கள் கணக்கில் புதுக் கடிதம் இருக்கிறது' என்று மெயில் வருவதுண்டு. அப்போதும் வரித்துறைத் தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். போனில் மெயிலைப் பார்த்தால் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும். அதைத் தட்டினால் முழு முகவரி விரியும், பாதி வேஷம் அங்கேயே கலைந்துவிடும். முகவரி சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம், அதையும் போலியாகப் போடலாம். எழுத்துப்பிழை இருந்தால் திருட்டு மெயில் என்பதெல்லாம் பழைய கதை. இப்போது அவர்கள் என் மேனேஜரைவிட நன்றாக ஆங்கிலம் எழுதுகிறார்கள்.

எனக்கு வந்தது 2013 மார்ச்சில். பேஸ்மென்ட் அறை, தரையில் மெத்தை, வாடகைக்கு நான்கு நாள் பாக்கி. மேப்பிள் இலைக் கொடியோடு 386 டாலர் என்று மெயில். அழுத்தினால் எல்லா வங்கிகளின் சின்னங்களும் வரிசையாக நின்றன. என் வங்கியைத் தொட்டேன், பாஸ்வேர்டைக் கொடுத்தேன், வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் என் சின் நம்பரையும் கொடுத்தேன். அடுத்து, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். நமக்கு ஏது அதெல்லாம்? இனிஷியல்தானே! காலிங் கார்டைச் சுரண்டி அம்மாவைக் கூப்பிட்டு, தாத்தா பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

"எங்க அப்பா பேரு வரி ஆபீஸ்காரனுக்கு எதுக்குடா?"

அங்கேதான் கை நின்றது. மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே வங்கி வாசலில் நின்றேன். கார்டு, பாஸ்வேர்டு எல்லாம் மாற்றினேன். நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்களிலும் எச்சரிக்கைக் குறிப்பு போடச் சொன்னேன். சின் நம்பரை மட்டும் சுலபத்தில் மாற்றித் தரமாட்டார்கள்.

எரிச்சல் எதில் தெரியுமா? என் அறைத்தோழருக்கு முந்தின மாதமே இதே மெயிலில் 600 டாலர் போயிருந்தது. மானம் போகுமென்று மூச்சு விடவில்லை. நம் ஆட்கள் கார் வாங்கினால் ஊருக்கே சொல்வார்கள்!

அம்மா இன்றைக்கும் மார்ச் மாதம் வந்தால் கேட்கிறாள்: "தாத்தா பேரை எவனாவது கேட்டானா?"