சௌ நடனம் போர்க்கலையா, செவ்வியலா, நாட்டுப்புற ஆட்டமா?

மூன்றும்தான். கிழக்கிந்தியாவின் நடனமான சௌ பெரும்பாலும் வசந்தகாலத் திருவிழாவான சைத்ர பர்வாவை ஒட்டி ஆடப்படுவது. ஊர் வெட்டவெளியில், இரவில், ஆண்கள் ஆடுவது வழக்கம். இப்போது பெண்களும் ஆடுகிறார்கள்.

அடித்தளம் போர்ப்பயிற்சி. வாளும் கேடயமும் ஏந்திச் செய்யும் பரிகண்டா பயிற்சியிலிருந்துதான் நிற்கும் முறையும் தாவலும் வருகின்றன. அப்புறம் பறவை, விலங்குகளின் நடை. எனக்கு மிகவும் பிடித்தது 'உஃப்லி' என்ற அசைவுகள்: கிராமத்துப் பெண்கள் வீட்டில் அன்றாடம் செய்யும் வேலைகளிலிருந்து பிறந்தவை. போர்வீரனின் உடலில் சமையற்கட்டின் அசைவு! இதைவிட அழகான கலவையை நான் கண்டதில்லை.

சரி, செவ்வியல் எங்கே? ராமாயண, மகாபாரதக் கதைகளிலும் ராகம் தழுவிய இசையிலும். மொகுரி என்ற குழல்கருவி நம் நாகஸ்வரத்தின் உறவுக்காரன் போல ஒலிக்கும். கூடவே டோல், தும்சா என்ற முரசுகளின் முழக்கம்.

பாணிகள் மூன்று: ஜார்க்கண்டின் சராய்கேலா, மேற்கு வங்கத்தின் புருலியா, ஒடிசாவின் மயூர்பஞ்ச். முதல் இரண்டிலும் முகமூடி உண்டு. புருலியா முகமூடிகள் சரிதா கிராமத்தில் காகிதக்கூழ், களிமண், துணி கொண்டு செய்யப்படுகின்றன. முகமே தெரியாதபோது உணர்ச்சியைக் கழுத்தும் தோளும் கால்களும்தான் சொல்லியாக வேண்டும். மயூர்பஞ்சில் முகமூடி கிடையாது. 2010இல் யுனெஸ்கோ சௌவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நேரில் பார்க்க விரும்பினால் ஏப்ரல் நடுவில் சராய்கேலாவுக்குப் போங்கள்.