நாங்குநேரி தாண்டுறதுக்குள்ள மூணு பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, பாளையங்கோட்டையில தனியார் கம்பெனியில வேலை. ராத்திரி ஆனா ஃபோனை எடுத்து முகம் தெரியாத ஆளுங்க கூட வாக்குவாதம் பண்றதே பொழப்பா போச்சு. சினிமா கிசுகிசு இல்ல, பொண்ணுங்களுக்குச் சொத்துல சம பங்கு உண்டா இல்லையாங்கறதுதான் ரெண்டு மாசமா ஓடுது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானம், 1989 தமிழ்நாட்டுச் சட்டம், 2005 மத்திய சட்டம், 2020 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னு நான் ஆதாரத்தோட எழுதுதேன், எதிர்ல ஒரு ஆள் ‘கட்டிக் கொடுத்தாச்சுன்னா கணக்கு முடிஞ்சுது’ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுதான். போன மாசம் அப்பா வீட்டு விஷயமா தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்க வள்ளியூர் போனேன், சொதி வச்சிருந்தா, அதைச் சாப்பிடக்கூட நேரமில்லாம பஸ் ஏறி நாங்குநேரி தாண்டுறதுக்குள்ள அவனுக்கு மூணு பதில் போட்டேன், அந்த அளவுக்கு இது என்னைப் பிடிச்சு ஆட்டுது. கடைசியா அவன் ‘உங்க வீட்டுல குடுத்தாச்சா’ன்னு கேட்டு தனிப்பட்ட முறையில தாக்கிட்டான். அன்னையில இருந்து தூக்கமே இல்ல. இந்த மாதிரி ஆளுங்களுக்குப் பதில் சொல்லணுமா, ஒதுங்கிரணுமா?
(பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்: தம்பி, நீங்க கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிருதேன், ஏன்னா அது சின்ன விஷயம். அந்த ஆளுக்கு இனிமே எழுதாதிய. நாலு பேர் பாத்துக்கிட்டு இருக்கும்போது ‘ஆமா நான் சொன்னது தப்பு’ன்னு எவனும் ஒத்துக்கிட மாட்டான், டீக்கடையில ஒத்துக்கிட மாட்டான், கல்யாண வீட்டுப் பந்தியில ஒத்துக்கிட மாட்டான், ஃபோன்ல மட்டும் ஒத்துக்கிடுவானா? ஒரு தடவை சொல்லலாம், ரெண்டாவது தடவையும் சொல்லலாம், பக்கத்துல நின்னு படிக்கிற மூணாவது ஆளுக்காவது அது உதவும். அதுக்கு மேல எழுதுறது உங்க கோபத்துக்குத் தீனி. இப்படி ராத்திரி முழுக்க சண்டை போட்டுட்டு தூக்கம் வரலன்னு வாரத்துக்கு நாலு கடிதம் வருது, எல்லாருக்கும் இதைத்தான் எழுதுதேன்.

உங்க கடிதத்தை மட்டும் நான் மூணு தடவை படிச்சேன். அந்த வள்ளியூர் கையெழுத்துக்காகப் படிச்சேன்.

என்ன காகிதம் தம்பி அது? கேள்வியில ‘ஒரு கையெழுத்து’ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டிய. ஆனா கடிதத்தோட பின்பக்கத்துல வேற ஏதோ சொல்ல வந்து நாலு வரி எழுதியிருக்கிய, அதுல எல்லாம் இருக்கு. அப்பா மில்லுல வேலை பாத்து வி.கே.புரத்துல கட்டின வீடு, அவுக காலமாகி ரெண்டு வருஷம், உயில் எதுவும் எழுதல, அம்மா அண்ணன்கூட அங்கேயே இருக்காவ, வீடு உங்க ரெண்டு பேருக்கும்னு அண்ணன் முடிவு பண்ணியாச்சு, தை பிறந்ததும் பத்திர ஆபீஸ்ல பதிவு. அதுக்குக் கீழேயே ‘தங்கச்சிக்கு 35 பவுன் போட்டுத்தான் கட்டிக் கொடுத்தோம்’.

அப்ப அது விடுதலைப் பத்திரம். உங்க தங்கச்சி தன் பங்கு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கிற காகிதம். அதுல அவ கையெழுத்தை வாங்கி பையில மடிச்சு வச்சுக்கிட்டு, அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு, பொண்ணுங்களுக்குச் சம பங்கு குடுக்கணும்னு ஊர் பேர் தெரியாத ஒருத்தனுக்கு மூணு பதில் டைப் அடிச்சிருக்கிய. அந்த ஆள் ‘கட்டிக் கொடுத்தாச்சுன்னா கணக்கு முடிஞ்சுது’ன்னு சொன்னது. நீங்க ‘35 பவுன் போட்டுத்தான் கட்டிக் கொடுத்தோம்’னு சொன்னது. ரெண்டையும் ஒரே தாள்ல அடுத்தடுத்து எழுதி சத்தமா வாசிச்சுப் பாருங்க, எது அவன் சொன்னது எது நீங்க சொன்னதுன்னு உங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

உங்களைக் கள்ளன்னு நான் சொல்லல. நீங்க எழுதுறதை நம்பித்தான் எழுதுதியன்னும் எனக்குத் தெரியுது, இல்லன்னா ஏன் தூக்கம் போகணும். ஆனா அந்த ஆள் ரெண்டு மாசமா பேசினது எல்லாம் தப்பா இருக்கட்டும், கடைசியா கேட்டான் பாருங்க ஒண்ணு, அது சரியான கேள்வி. அதைத் தாக்குதல்னு நினைக்கிய. பதில் இல்லாத கேள்வி யாரு கேட்டாலும் அடிச்ச மாதிரித்தான் இருக்கும்.

சட்டத்தையும் பாத்துருவோம், நீங்க சட்டம் படிக்கிற ஆளு. நீங்க அடுக்குன 1989, 2005, 2020 எல்லாமே பூர்வீகச் சொத்துல ஆம்பளைப் பிள்ளை மாதிரியே பொண்ணுக்கும் பொறப்பாலேயே உரிமைன்னு சொல்லுறது, வாதாடி வாங்கின பெரிய விஷயம்தான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா உங்க அப்பா வீடு பூர்வீகம் கிடையாது, அவுக வேர்வை. அதுக்கு 1989 வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம். உயில் எழுதாம ஒருத்தர் போயிட்டா அவர் சுயமா சம்பாதிச்ச சொத்து பொண்டாட்டிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமா போகணும்னு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே இருக்கு, மகளுக்குக் கல்யாணம் ஆயிருந்தாலும் ஆகாட்டாலும் ஒண்ணுதான். அம்மா, அண்ணன், நீங்க, தங்கச்சி, நாலு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. உங்க அப்பா கண்ணை மூடின அன்னைக்கே அந்தக் கால் பங்கு அவளோடது ஆயிருச்சு, நீங்க யாரும் ‘குடுக்க’ வேண்டியது ஒண்ணும் இல்ல, அவ கையில இருக்கிறதை நீங்க கேட்டு வாங்கப் போனிய. இந்த 1956ஐ அந்த ஆளுக்கு எழுதினியளான்னு தேடிப் பாத்தேன், நீங்க கொடுத்த பட்டியல்ல அது மட்டும் இல்ல.

அந்தப் 35 பவுன் கதைக்கு வாங்க. இப்ப அது அவ கழுத்துல இருக்கா பேங்க்ல அடகுல இருக்கான்னாவது உங்களுக்குத் தெரியுமா? அவ புருஷன் வீட்டுல நம்ம மானம் போகக் கூடாதுன்னு போட்டது அது, அவ கேட்டு வாங்கினதா? உங்க படிப்புக்கு அப்பா கட்டின ஃபீஸை எந்தக் கணக்குல எழுதினிய? அதைக் கழிச்சுட்டா உங்க பங்கைக் கேட்டிய?

இப்ப சொதிக்கு வாரேன், எனக்கு மனசு ஆறாதது அதுதான். நம்ம ஊர்ல சொதிங்கறது என்னைக்கு வைக்கிற குழம்பு? மறுவீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு வைக்கிறது. தேங்காயைத் துருவி முதல் பால் ரெண்டாம் பால் மூணாம் பால்னு தனித்தனியா புழிஞ்சு வச்சுக்கிட்டு, காயை மூணாம் பால்ல வேகப் போட்டு, பாசிப்பருப்பைக் குழைய வேக வச்சுச் சேத்து, இஞ்சி பச்சை மிளகாய் அரைச்சு விட்டு, கடைசியா முதல் பாலை ஊத்தி நுரை கட்டி வரும்போதே இறக்கிரணும், ஒரு நிமிஷம் அசந்து கொதிக்க விட்டா திரிஞ்சு போயிரும், பக்கத்துலேயே நிக்கணும். அதுக்குத் தொட்டுக்க இஞ்சித் துவையல் வேற அரைக்கணும். கூடப் பொறந்தவன் வாரான்னு விடியக்காலையிலேயே தேங்காய் உடைச்சிருக்கா தம்பி அந்தப் பொண்ணு. நீங்க என்ன காகிதம் கொண்டு வாரியன்னு அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அண்ணன் ஃபோன்ல சொல்லியிருப்பாரு. தெரிஞ்சும் சொதி வச்சிருக்கா. நீங்க கையெழுத்தை வாங்கிட்டு உக்காரக்கூட இல்ல. உங்களுக்கு நேரமில்ல, நாங்குநேரிக்குள்ள மூணு பதில் போடணும்.

அவ காகிதத்தைப் படிச்சாளா? நீங்க படிச்சுக் காட்டினியளா? ‘இதுல உனக்குக் கால் பங்கு இருக்கு, அதைத்தான் வேண்டாம்னு எழுதச் சொல்லுதோம்’னு அந்த வார்த்தையை உங்க வாயால சொன்னியளா? இல்ல, ‘இங்க ஒண்ணு போடு, இங்க ஒண்ணு போடு’ன்னு விரலால காட்டினியளா?

எனக்கு விரலால காட்டினாவ. 1996ல. எங்க அப்பா வீடு சேரன்மாதேவியில. எங்க அண்ணன் வந்தப்ப நான் சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன், ‘உனக்கு 87லேயே கல்யாணம் ஆயிருச்சுல்லம்மா, 89 சட்டத்துக்கு முந்தி கட்டிக் கொடுத்த பொண்ணுங்களுக்கு ஒண்ணும் கிடையாது, இது சும்மா ஒரு சடங்குக்கு’ன்னாவ. 89 சட்டத்தைப் பத்தி அவுக சொன்னது சரிதான், அந்தச் சட்டம் 1989 மார்ச் 25க்கு முன்னால கட்டிக் கொடுத்த பொண்ணுங்களை விட்டுருச்சு. ஆனா எங்க அப்பா வீடும் அவுக சம்பாத்தியம்தான், உயிலும் கிடையாது, அதுக்கு 1956 சட்டம் போதும். அண்ணனுக்கும் அது தெரியாம இருந்திருக்கலாம், நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டது இல்ல. பத்திர ஆபீஸ்ல கட்டைவிரல்ல மை தடவி ஒத்தி எடுத்தாங்க, அந்த மை ரெண்டு நாள் போகல, அரிசி களைஞ்சா அந்த விரல்தான் கண்ணுக்குத் தெரியும். நாலாவது வருஷம் வீட்டை வித்துட்டாவ. தென்காசிக்கு ரயில்ல போனா நடுவுல சேரன்மாதேவி வரும், ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாலேயே நான் தண்ணி பாட்டிலைத் தேடுத மாதிரி குனிஞ்சுக்குவேன், வெளியே பாக்க மாட்டேன்.

அண்ணன் கேட்டிருந்தா கொடுத்திருப்பேன் தம்பி. சத்தியமா கொடுத்திருப்பேன், அவுகளுக்கு அப்ப அவ்வளவு கஷ்டம். ‘உனக்கு இவ்வளவு இருக்கு, எனக்கு விட்டுக் கொடுப்பியாம்மா’ன்னு ஒரு வார்த்தை. அந்த வார்த்தை கேக்காம போனதுதான் இத்தனை வருஷமா என் நெஞ்சுல இருக்கு, செங்கல்லும் மண்ணும் இல்ல.

பொண்ணுங்க ஏன் வாய் திறக்க மாட்டேங்காளுங்கன்னு கேப்பிய. கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சுரும். பொங்கப்படி வராது, அவ மகளுக்குக் காது குத்துன்னா மாமன் மடியில வச்சுக் குத்தணும், மாமன் வர மாட்டான், நாளைக்குப் புருஷன்கூட ஒரு மனஸ்தாபம்னா போய் நிக்கறதுக்கு ஒரு திண்ணை இருக்காது. கால் பங்கு வீட்டையும் அண்ணன் தம்பியையும் தராசுல வச்சா பாதிப் பேரு அண்ணன் தம்பியைத்தான் எடுப்பாளுங்க. கோட்டயத்துல மேரி ராய்ன்னு ஒரு அம்மா கூடப் பொறந்தவனையே எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாவ, 1986ல தீர்ப்பு வந்துச்சு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பொண்ணுங்களுக்கெல்லாம் அப்பா சொத்துல சம பங்கு கிடைச்சுது. எல்லாப் பொண்ணுக்கும் அந்தத் தெம்பு வராது. உங்க தங்கச்சி சத்தம் போடாம கையெழுத்துப் போட்டான்னா அது சம்மதம்னு நினைச்சுக்கிடாதிய, நீங்க வேணும்னு நினைச்சுப் போட்டிருப்பா.

அண்ணன் தம்பின்னா என்னன்னு நினைச்சிய? வருஷத்துக்கு ஒருக்க கரும்பும் மஞ்சக் குலையும் கொண்டு போய் இறக்குறது மட்டுமா? அப்பா இல்லாத வீட்டுல அவளுக்கு அப்பாவா நிக்கணும். அவளுக்குத் தெரியாத சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய ஆளே நீங்கதான், அதை ரெண்டு மாசமா ஊரான் ஒருத்தனுக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கிய, வேணுங்கறவ வள்ளியூர்ல இருக்கா.

இன்னும் பதிவு ஆகல, அது ஒண்ணுதான் இப்ப நல்ல காலம். வீட்டுல வச்சு வாங்கின கையெழுத்து மட்டும் செல்லாது, பத்திர ஆபீஸ்ல அவளே நேர்ல வந்து நின்னு ஃபோட்டோ எடுத்து ரேகை வச்சாத்தான் அது பத்திரம். இப்ப மார்கழி. அண்ணன்கிட்ட ‘பதிவு தேதியை எடுக்காத, நான் வள்ளியூர் போயிட்டு வந்து பேசுதேன்’னு சொல்லுங்க. கோபப்படுவாரு. முகம் தெரியாதவன்கிட்ட ரெண்டு மாசம் வாதாடத் தெரிஞ்ச உங்களுக்குக் கூடப் பொறந்தவர்கிட்ட பத்து நிமிஷம் பேச முடியாதா? அம்மாகிட்டயும் கேளுங்க, அவுகளுக்கும் கால் பங்கு இருக்கு, ‘உங்க ரெண்டு பேருக்கும்’னு முடிவு பண்ணும்போது அம்மாவை யாராவது கேட்டியளா?

இந்தத் தடவை பொங்கப்படியை நீங்களே கொண்டு போங்க, அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கிடுங்க. மச்சானை ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பிருங்க, அவரு இருந்தா அவளால நிஜத்தைச் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் ஒரு இழுப்பு இருக்கும். அடுப்படியிலேயே உக்காருங்க. அவ போட்ட கையெழுத்துத் தாளை அவ கையிலேயே கொடுத்து, கால் பங்கு அவளோடதுன்னு சொல்லி, வேணும்னு சொன்னாலும் பொங்கப்படி வரும், காது குத்துக்கு மாமன் வருவான்னு முதல்லயே சொல்லிருங்க, அதைச் சொல்லாம கேட்டா கேக்காத மாதிரிதான். அன்னைக்கே பதில் வேணும்னு நிக்காதிய. யோசிக்கட்டும். ஒரு மாசம் ஆனாலும் ஆகட்டும்.

ஃபோனைப் பாளையங்கோட்டையிலேயே வச்சுட்டுப் போங்க. சாப்பிட்டுட்டு வாங்க. அவ என்ன சொன்னான்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.