பிளஸ் ஒன் பாடத்தை இனி யார் நடத்துவார்கள்?

அன்புள்ள சார்,

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் கொடுமை ஒழிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தனியார் பள்ளிகள் பழையபடி பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே, "ஜனவரியில் பிளஸ் டூவைத் தொடங்கினால் ரிசல்ட் நன்றாக வரும்" என்று பேச்சு அடிபடுகிறது. புத்தகமும் தாங்க முடியாத கனம். பீரியடு போதாமல் லேபைக் கடைசிக்குத் தள்ளுகிறோம். பாதிப் பாடத்தை வெட்டினாலே எல்லாம் சரியாகிவிடும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பயம் நியாயமானது. புத்தகத்தைப் பற்றிச் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

2017-க்கு முன்பு நடந்தது உங்களுக்குத் தெரியும். பிளஸ் ஒன் தேர்வு பள்ளி அளவில் முடிந்துவிடும். கல்லூரிக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும். ரிசல்ட்டை ஃபிளக்ஸில் போட்டே பிழைத்த பல பள்ளிகள் ஒரே பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைத்தன. 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 1200 ஆக இருந்த மொத்த மதிப்பெண் 600 ஆனது. 2018 செப்டம்பரில், பிளஸ் ஒன் மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கில்லை என்று அரசே அறிவித்துவிட்டது. அத்தோடு அந்தத் தேர்வின் பல் பாதி போய்விட்டது. ஆனாலும் தேர்வு என்று ஒன்று இருந்ததால் பாடத்தை நடத்தித்தான் ஆகவேண்டியிருந்தது. (கொரோனாவால் 2021-ல் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, அந்த மதிப்பெண்ணில் 20 விழுக்காட்டை பிளஸ் ஒன்னிலிருந்து எடுத்தார்கள். அந்த ஒரு செட் பிள்ளைகளுக்காவது அது உதவியது.) 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பொதுத்தேர்வும் போய்விட்டது.

வேறு சில பாடங்களில் ஒரு வருடத்தைத் தாண்டிப் போனால் எப்படியோ சமாளித்துவிடலாம். இயற்பியலில் முடியாது. அளவீடு, இயக்கவியல், நியூட்டன் விதிகள், ஆற்றல், ஈர்ப்பு, வெப்பம், அலைவுகள், அலைகள் எல்லாம் பிளஸ் ஒன்னில் இருக்கின்றன. அளவோடு திசையும் உள்ள வெக்டரே தெரியாதவனிடம் மின்புலத்தை எப்படி நடத்துவது? காந்தப்புலத்தில் மின்துகள் ஏன் வட்டப்பாதையில் சுற்றுகிறது என்று விளக்க, வட்டத்தின் மையத்தை நோக்கி இழுக்கும் மையநோக்கு விசை வேண்டும். அது இல்லாத பையன் சூத்திரத்தை மனப்பாடம் செய்வான், தேர்விலும் எழுதிவிடுவான். வேதியியலிலும் இதே கதைதான். பிளஸ் ஒன்னில் மோலையும் வேதிச் சமநிலையையும் தாண்டிவிட்டால், பிளஸ் டூவில் அயனிச் சமநிலை வெறும் எழுத்துக் கூட்டமாகிவிடும்.

நீட்டுக்கும் ஜேஇஇ-க்கும் போகிற பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அங்கே இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கிறார்கள், கோச்சிங்காரர் விடமாட்டார். பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-க்கு, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்தான். பி.எஸ்சி. சேர்க்கையிலும் பிளஸ் ஒன்னைப் பார்ப்பதில்லை. அடி விழப்போவது இந்தப் பிள்ளைகள் மேல்தான். கல்லூரி முதல் செமஸ்டரில் மெக்கானிக்ஸ் பேப்பரை வைத்துக்கொண்டு விழிப்பார்கள்.

இனி புத்தகத்துக்கு வருவோம். 2018-லும் 2019-லும் வந்த புதிய மேல்நிலை நூல்கள் கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெட்டுவது என்று இறங்கினால் எது போகும் என்பது நம் கையில் இருக்காது. சிபிஎஸ்இ பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்சிஇஆர்டி 2022-ல் பாரம் குறைக்கிறோம் என்று பத்தாம் வகுப்பிலிருந்து தனிம வரிசை அட்டவணைப் பாடத்தையே எடுத்தது. பதினொன்றில் இருக்கிறதே என்றார்கள். பத்தோடு அறிவியலை விட்டுவிட்டு காமர்ஸ் போகிற பெண்ணுக்கு அது இனி கிடைக்காது. நம் மாநிலப் பத்தாம் வகுப்பு நூலில் அந்தப் பாடம் இன்னும் இருக்கிறது, நல்லவேளை.

லேப் கடைசிக்குப் போவதற்கும் புத்தகத்தின் கனம் காரணமில்லை. பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 15-ம் மொத்தத்தில் 35-ம் எடுத்தால் பாஸ். அந்த 30 மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டுவிடுவது ஊரறிந்த ரகசியம். கையைத் திறந்து கொடுக்கிற மதிப்பெண்ணுக்காக எந்தப் பள்ளி பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் டேன்ஜன்ட் கால்வனோமீட்டரோடு பீரியடு பீரியடாக மல்லுக்கட்டும்? மின்தடை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றைத் தொடாமலே ரீடிங் எழுதிய ரெக்கார்டு நோட்டுகள் உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. எதற்கு மதிப்பெண் என்று அரசு எழுதிவைக்கிறதோ, வகுப்பறை அதைத்தான் நடத்தும்.

அதனால் பொதுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளையை வருடா வருடம் ஹால் டிக்கெட்டோடு அலையவிட வேண்டாம். பிளஸ் டூ வினாத்தாளிலேயே பிளஸ் ஒன் கருத்து இல்லாமல் போடமுடியாத கணக்குகள் சில கட்டாயம் வரட்டும். செய்முறைத் தேர்விலும் தனி ஊசல் போன்ற பிளஸ் ஒன் சோதனை ஒன்று குலுக்கலில் விழலாம் என்று இருக்கட்டும். இதற்குப் புதுப் புத்தகம் வேண்டாம், வினாத்தாள் வடிவமைப்பில் ஒரு திருத்தம் போதும்.

ஜனவரித் திட்டத்தைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் மறுபடி பேச்சு வந்தால், அதுவரை பிளஸ் ஒன் புத்தகத்தின் கடைசியில் வரும் அலைவுகள் பாடத்தை முடித்திருப்போமா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.